எழுந்திருக்காத வாத்துகள்

"சத்தியமா நான் எடுக்கல, ஹல்லா!" என்று ஈவார் கத்தினான்.

கத்தினான் என்று எழுதுவது ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் அவன் ரகசியம் பேசிக்கொண்டிருந்தான். ஈவார் ரகசியம் பேசினால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். சாதாரணமாகப் பேசினால் எதிர்க்கரையில் மேயும் ஆடுகள் தலைதூக்கிப் பார்க்கும். நிஜமாகவே அவன் கத்திய ஒரே தடவை, பிரெய்தா விரிகுடாவில் ஏறிவரும் கடல் ஓதம் அரைமணி நேரம் தயங்கி நின்றுவிட்டு வந்தது என்று துறைமுகத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் பொய் சொல்லும் முகக்காரர்களும் இல்லை.

துப்பறியும் ஹல்லா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஈவாரின் சமையலறை மேசையருகே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். சுங்க இலாகாவில் வெகுகாலம் அடுத்தவர் பெட்டிக்குள் கைவிட்டுப் பழகிய கைகள். வேலையை விட்டபிறகு சும்மா இருக்கச் சம்மதிக்கவில்லை. எதிரே அவளுடைய உதவியாள் கெஸ்தூர் காய்ந்த மீனைப் பிய்த்து வெண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"சத்தியத்தை அப்புறம் பாக்கலாம். அந்த வெண்ணெயை இப்படித் தள்ளு" என்றான் கெஸ்தூர்.

"என் தலை போகுது. உனக்கு வெண்ணெயா?"

"தலை உன்னுது. பசி என்னுது."

ஈவாரின் தலைக்கு வந்த ஆபத்து இதுதான். போன வாரம், ஒட்னி என்பவள் பல் பிடுங்கிக்கொள்ள டவுனுக்குப் போயிருந்த அன்று, அவளுடைய ஸ்கார்வே தீவில் யாரோ இறங்கி ஐடர் என்னும் கடல்வாத்துகளின் கூடுகளிலிருந்த தூவியை வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாய் வாத்து தன் மார்பிலிருந்து தானே பிடுங்கி, முட்டைகளுக்கு மெத்தை போடுகிற தூவி. அதை அடைத்த போர்வைபோல லேசானதும் இல்லை, கதகதப்பானதும் இல்லை. அதற்கடியில் தூங்குகிற பாக்கியம் தூரதேசத்துச் சீமான்களுக்கு. பொறுக்குகிற ஊர்க்காரர்கள் கம்பளிதான் போர்த்திக்கொள்கிறார்கள்.

முந்தாநாள், ஈவாரின் படகுக் கொட்டகையில் பழைய வலைகளுக்குப் பின்னால் ஒரு தூவி மூட்டை அகப்பட்டது. கண்டுபிடித்தவர் ஸ்வெய்ன். ஸ்வெய்ன் தூவி மதிப்பீட்டாளர். சட்டப்படி சத்தியம் செய்துகொடுத்த ஆள். அவர் கைவிட்டுப் பார்த்து ஈய முத்திரை குத்தாத மூட்டை அந்த விரிகுடாவைத் தாண்டக் கூடாது. அவர் மூட்டைக்குள் கையை விட்டார். கண்ணை மூடினார். "ஸ்கார்வே தூவி" என்றார். அங்கேயே முத்திரை குத்தி, சாட்சிப் பொருளாக ஊர் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்.

இன்று சாயங்காலம் அந்த மண்டபத்தில் தூவிக்காரர் சங்கம் கூடுகிறது. ஈவாரை நீக்கிவிட்டால் பிறகு அவன் மூட்டையில் கைவிட எந்த மதிப்பீட்டாளரும் வரமாட்டார். அப்பன் காலத்திலிருந்து வாத்துகள் கூடுகட்டும் தன் கடல்முனையை விற்றுவிட்டுத் தலைநகருக்குப் போய் டாக்சி ஓட்ட வேண்டியதுதான். ஈவார் ஓட்டும் டாக்சிக்கு ஹாரன் தேவைப்படாது என்பது ஒன்றுதான் அதில் ஆறுதல்.

"நீ எடுக்கலன்னா யார் எடுத்தது?" என்றாள் ஹல்லா.

"ஒட்னியே எடுத்திருப்பா! அவளே எடுத்து, அவளே என் கொட்டகைல வெச்சு, அவளே அழுவா. என் முனை மேல அவளுக்கு ரொம்ப நாளாக் கண்ணு."

"வேற?"

"போதகரா இருக்கலாம். அந்தாள் நடை சரியில்ல."

"வேற?"

ஈவார் யோசித்தான். அவன் யோசிப்பதுகூடக் கொஞ்சம் சத்தமாகத்தான் இருந்தது. "இவன்?" என்று கெஸ்தூரைக் காட்டினான்.

"என் மேல சந்தேகப்படறதுன்னா மொதல்ல அந்த வெண்ணெயைக் குடு" என்றான் கெஸ்தூர்.

வெளியே வந்ததும் கெஸ்தூர் குரலைத் தணித்துக்கொண்டான். "ஹல்லா, இவனே எடுத்திருப்பானோ?"

"எடுத்திருக்கலாம்."

"நம்ம கட்சிக்காரன்!"

"கட்சிக்காரன்தான். கடவுள் இல்ல. ஸ்வெய்னுக்குப் போன் பண்ணு. தீவைப் பாக்கணும், சத்தியம் பண்ணின ஆள் ஒருத்தர் கூட இருந்தா நல்லதுன்னு சொல்லு. ஈவாரையும் படகுல ஏத்து."

"ஒட்னி வீட்டுக்கா? அவ இவனைக் கண்டா துடுப்பைத் தூக்குவா."

"அவ யாரைக் கண்டா எதைத் தூக்கறான்னு பாக்கத்தான் போறோம்."

*

ஒட்னி துடுப்பைத் தூக்கவில்லை. அதைவிடப் பெரிதான படகுக் கொக்கியைத் தூக்கிக்கொண்டு கரையில் நின்றாள். அகலமான பெண். ஒருமுறை புயலில் அவள் வீட்டுக் கூரை பறக்கப் பார்த்தபோது, அவள் மேலே ஏறி உட்கார்ந்ததும் புயல் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள்.

"திருடனைக் கூட்டிட்டு வந்து, திருடின இடத்தைச் சுத்திக் காட்டறீங்களா?" என்றாள்.

"திருடன் யாருன்னு சாயங்காலம்தானே முடிவாகுது, ஒட்னி?" என்றார் ஸ்வெய்ன் சாந்தமாக. வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை, தேய்த்த கழுத்துப்பட்டை. தீவுக்கு வருவதற்கும் தேவாலயத்துக்குப் போவதற்கும் அவருக்கு ஒரே உடைதான். "அதுவரைக்கும் முறைப்படி நடக்கணும். கொக்கியைக் கீழ வை."

வைத்தாள். ஸ்வெய்ன் சொன்னால் அந்த விரிகுடாவில் வைக்காதவர்கள் கிடையாது.

புல்மேட்டில் காலடிக்கு ஒன்றாகப் பழுப்பு வாத்துகள் உட்கார்ந்திருந்தன. சில கல்லிடுக்கில், சில கவிழ்த்த தகரப் பீப்பாயில், ஒன்று வீட்டு வாசற்படியிலேயே. ஒட்னி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். பாட்டாக இருக்கலாம், வசவாகவும் இருக்கலாம். அவை இமைகூட அசைக்கவில்லை. ஒரு கூட்டருகே குந்தி, வாத்தை ஒரு பக்கமாக நகர்த்திக் காட்டினாள். உள்ளே பச்சை முட்டைகள். சுற்றிலும் உலர்ந்த வைக்கோல். ஓரத்தில் கைப்பிடி அளவு தூவி மிச்சம்.

"பாருங்க. வழிச்சவன் வைக்கோல் வெச்சிட்டுப் போயிருக்கான். ஒவ்வொரு கூட்டுலயும்! முட்டை குளுந்துடக் கூடாதாம். கொஞ்சம் தூவியும் விட்டுவெச்சிருக்கான். கப்பல்ல வர்ற பயலுக இப்படிச் செய்வானுங்களா? அள்ளிட்டு ஓடுவானுங்க. இது நம்ம ஆளு. நம்ம ஆள்ல என் தீவுக்கு எதிர முனை வெச்சிருக்கறவன் எவன்?" ஈவாரைப் பார்த்தாள்.

அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. தூவியை எடுத்த இடத்தில் வைக்கோலை வைக்காமல் வருவதென்றால், அந்த ஊரில் ஒருவன் காலுறை போடாமல் பூட்ஸ் போட்டுக்கொள்வதுபோல. திருடும்போதுகூடக் கை கேட்காது.

மிச்சமிருந்த தூவியில் ஒரு சிட்டிகையை ஒட்னி கிள்ளி உள்ளங்கையில் வைத்தாள். காற்று வீசிக்கொண்டிருந்தது. கையைத் திருப்பிக் கவிழ்த்தாள், உதறினாள். தூவி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பிசின் தடவியதுபோலத் தொங்கியதே தவிர ஒரு நூல் பிரியவில்லை.

"இந்த மாதிரித் தூவி. இதைப் போய்..." அந்தச் சிட்டிகையைக் கூட்டிலேயே திரும்ப வைத்தாள்.

ஹல்லா மண்டியிட்டாள். முட்டைகளிடம் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தாள். அடுத்த கூட்டுக்குப் போனாள். முகர்ந்தாள். அதற்கடுத்ததையும் முகர்ந்தாள். வாத்துகள் அவளைச் சுங்க அதிகாரி என்று தெரிந்துகொண்டவைபோலப் பொறுத்துக்கொண்டன.

"என்ன வாசனை?" என்றான் கெஸ்தூர்.

"ஒண்ணும் இல்ல."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"ஒண்ணும் இல்லாததுதான் விசேஷம். ஐடர் வாத்து பயந்து எழுந்தா என்ன பண்ணும்?"

கெஸ்தூர் கடற்கரை ஊர்க்காரன். முகத்தைச் சுளித்தான். "முட்டை மேல பீச்சிட்டுத்தான் எழும். அந்த நாத்தத்துக்கு நரிகூடக் கிட்ட வராது. எங்க மாமா சட்டைல ஒரு தடவை பட்டுது. அத்தை சட்டையை எரிச்சா. அப்புறம் மாமாவைப் பத்தி யோசிச்சா."

"இங்க ஒரு கூட்டுலயும் அந்த நாத்தம் இல்ல. முட்டையெல்லாம் சுத்தம். திருடன் வந்திருக்கான், வாத்தைத் தூக்கியிருக்கான், தூவியை எடுத்திருக்கான், வைக்கோல் வெச்சிருக்கான். எந்த வாத்தும் பயந்து எழுந்திருக்கல." ஹல்லா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். "ஈவார். கொஞ்சம் நட."

"எங்க?"

"இந்த மேட்டுல, அந்தப் பக்கம் வரைக்கும். உன் முனைல எப்படி நடப்பியோ அப்படி."

"வேண்டாம்!" என்று ஒட்னி அலறினாள். அதற்குள் ஈவார் காலெடுத்து வைத்துவிட்டான். வைத்ததோடு நிற்காமல், வாத்துகளைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில், "ஒண்ணும் இல்ல, கண்ணுங்களா!" என்று அன்பாகச் சொன்னான்.

அடுத்த கணம் அந்தப் பக்கத்து மேடு முழுக்க எழுந்தது. பழுப்புச் சிறகுகளில் வெயில் மறைந்து, தூரத்தில் போய்க்கொண்டிருந்த படகு ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டது. வாத்துகள் தங்களிடம் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு எழுந்தன. காற்று ஈவார் பக்கமிருந்து கெஸ்தூர் பக்கம் வீசிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்லி, மிச்சத்தை விட்டுவிடுவது மரியாதை.

"இவனா திருடன், ஒட்னி?" என்றான் கெஸ்தூர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவன் வந்திருந்தா போன வாரமே இந்தத் தீவை இழுத்து மூடியிருப்பாங்க."

ஒட்னி வாத்துகளை அழைக்க முணுமுணுத்தபடி ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. "அவன் ஆள் வெச்சு எடுத்திருப்பான்! மூட்டை அவன் கொட்டகைலதானே இருந்துது? ஸ்வெய்ன் கையே சொல்லிச்சே!"

"ஸ்வெய்ன் கை சொன்னா? என் கொட்டகைக்குள்ள எலியும் போகும், நீயும் போவே!"

"யாரைடா எலிங்கறே?"

"எலியை நான் குறை சொல்லல!"

சண்டை வளர்ந்தது. ஸ்வெய்ன் பெருமூச்சு விட்டு, கலையாத பக்கத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் குரலை இறக்குங்க. இப்படிப் பேசினா சங்கம் எதுக்கு? முறைன்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை, அவரைக் கேட்காமல், பக்கத்துக் கூட்டுக்குப் போனது. வாத்தின் வயிற்றுக்கடியில் நுழைந்தது. அதை ஒரு தலையணையைத் தூக்குவதுபோலத் தூக்கியது. மறு கை முட்டைகளைத் திருப்பி, வைக்கோலை ஒதுக்கிவிட்டு, மேலே ஒரு சிட்டிகை தூவியைப் பரப்பியது. வாத்து திரும்பவும் தன் இடத்தில் அமர்ந்தது. பயப்படவில்லை, ஆனால் பிடிக்கவுமில்லை. அவர் சுட்டுவிரலின் நுனியை அலகால் கவ்வி, நன்றாக ஒரு திருகு திருகியது.

"...ஒருத்தர் மேல பழி போடறதுன்னா ஆதாரம் வேணும், பழி இல்லேங்கறதுக்கும் ஆதாரம் வேணும்" என்று ஸ்வெய்ன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஸ்வெய்ன்" என்றான் கெஸ்தூர். "சட்டைல என்ன செவப்பு?"

ஸ்வெய்ன் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையின் கை நுனியில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து என்று தேடினார். விரலைக் கண்டுபிடித்தார். கைக்குட்டையை எடுத்துச் சுற்றிக்கொண்டார்.

"பழகின கை. வலிக்கறதில்ல" என்றார்.

ஹல்லாவின் ஊசி நின்றது. அவள் நடக்கும்போதும் பின்னுவாள், படகிலும் பின்னுவாள். சுங்கச் சாவடியில் துப்பாக்கி நீட்டியவனிடம் "கொஞ்சம் இரு, இந்த வரிசை முடியட்டும்" என்றவள் அவள். அந்த ஊசி நின்றதை வேறு யாரும் கவனிக்கவில்லை. கெஸ்தூர் கவனித்தான்.

*

திரும்பும் படகில் ஸ்வெய்னும் ஈவாரும் முன்னால் இருந்தார்கள். கெஸ்தூரைப் பின்னால், காற்று போகிற பக்கமாக உட்காரவைத்திருந்தார்கள். ஹல்லா மட்டும் கூட இருந்தாள்.

"எனக்கு ஒட்னி மேலதான் சந்தேகம்" என்றான் கெஸ்தூர். "வாத்து அவளுக்குத்தான் எழுந்திருக்கல. ஆனா ஸ்வெய்னுக்கும் எழுந்திருக்கல. கிழவர் கை வாத்துக்கடியில போறதைப் பாத்தியா? வெண்ணெய்ல கத்தி போற மாதிரி. இனிமே அவர் மேலயும் சந்தேகப்படணுமா? அப்புறம் ராத்திரி நான் யாரை நம்பித் தூங்கறது?"

ஹல்லா நூல்கண்டை மடியில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எவனா இருந்தாலும் நல்ல மனசுக்காரன், ஹல்லா. வாத்தைக் கொஞ்சி, வைக்கோல் வெச்சு, முதுகொடியத் திருடி, கடைசில மொத்தத்தையும் அடுத்தவன் கொட்டகைல வெச்சிட்டுப் போயிருக்கான். இந்த மாதிரித் தானம் பண்ற திருடனை..."

"இன்னொரு தடவை சொல்லு."

"எதை? நல்ல மனசுக்காரன்னா?"

"கடைசில சொன்னது."

"மொத்தத்தையும் அடுத்தவன் கொட்டகைல..." கெஸ்தூர் நிறுத்தினான். "ஏன் வெச்சான்?"

"அதான் கேக்கறேன். இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்ததை எவனாவது வெச்சிட்டுப் போவானா?"

"ஈவாரை மாட்டிவிட."

"அதுக்கு ஒரு பிடி போதுமே. மூட்டை எதுக்கு?" ஹல்லா முன்னால் பார்த்தாள். ஸ்வெய்ன் கைக்குட்டை சுற்றிய விரலை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். "முத்திரை குத்தினதுக்கப்புறம் அந்த மூட்டையை யாராவது தொட்டாங்களா?"

"ஸ்வெய்ன் முத்திரை குத்தினதையா? கை அழுகிடும்னு பயப்படுவாங்க."

"ம்" என்றாள் ஹல்லா. மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

*

ஊர் மண்டபத்தில் காபி வாசனை. நீள மேசையில் முறுக்கிப் பொரித்த இனிப்பும், பெண்கள் சங்கம் செய்த கிரீம் கேக்குகளும். ஒரு மனிதனை ஊரைவிட்டுத் துரத்துவதானாலும் அங்கே கேக் இல்லாமல் துரத்தமாட்டார்கள். மேசையின் தலைமாட்டில் தலைவர் நாற்காலியில் ஸ்வெய்ன். அவருக்கு முன்னால், கழுத்தில் ஈய முத்திரை தொங்க, அந்த மூட்டை. கெஸ்தூரை வாசல் கதவருகே நிற்கச் சொல்லியிருந்தார்கள். கதவைத் திறந்தே வைக்கும்படியும் சொல்லியிருந்தார்கள். காரணம் மத்தியானத்து வாத்துகள்; மிச்சத்தைச் சொல்லாதிருப்பது மரியாதை.

ஈவார் ஓரமாக நின்றான். கையில் யாரோ ஒரு தட்டைத் திணித்திருந்தார்கள். அவன் பேசாமல் நின்றதுதான் அன்று அந்த மண்டபத்தில் எல்லாரையும் பயமுறுத்தியது.

"வாத்து பறந்ததை ஆதாரமாச் சொல்றாங்க" என்று ஸ்வெய்ன் முடித்தார். "ஆனா வாத்து சங்க உறுப்பினர் இல்ல. மூட்டை இங்க இருக்கு. இது ஸ்கார்வே தூவி. அதுக்கு என் கை சாட்சி. ஓட்டுக்கு விடறேன்."

"ஒரே ஒரு கேள்வி" என்றாள் ஹல்லா. "மூட்டையைத் திறந்து காட்டலாமா?"

மண்டபம் முணுமுணுத்தது.

"முத்திரை குத்தினது. சாட்சிப் பொருளை உடைக்கறது முறையில்ல" என்றார் ஸ்வெய்ன்.

"குத்தினவர் உடைக்கலாமே?"

"அவசியம் இல்ல. என் கை..."

"உன் கை மத்தியானம் ரத்தம் சொட்டிச்சு, ஸ்வெய்ன். விரலைத் திருகினதே உனக்குத் தெரியல. கெஸ்தூர் சொல்லித்தான் தெரிஞ்சுது. அந்த விரல் எப்படி எந்தத் தீவுத் தூவின்னு சொல்லிச்சு?"

காபிக் கோப்பைகள் நின்றன. சத்தியம் செய்த கையைக் கேள்வி கேட்பதை அந்த மண்டபம் அதுவரை கேட்டதில்லை. பாதிப் பேர் ஹல்லாவைப் பார்த்த பார்வையில், அடுத்து துரத்த வேண்டிய ஆள் யார் என்பது முடிவாகியிருந்தது.

அப்போது ஒட்னி எழுந்தாள். "என்ன பெரிய முறை! என் தூவிதானே அது? நான் பாக்கறேன்" என்று கேக் வெட்டும் கத்தியை எடுத்து, ஸ்வெய்ன் கையை நீட்டித் தடுப்பதற்குள் மூட்டையின் வயிற்றை நீளமாகக் கிழித்தாள். இரண்டு கையாலும் அள்ளி, எல்லாரும் பார்க்கட்டும் என்று தலைக்குமேல் தூக்கினாள்.

கெஸ்தூர் நின்றிருந்த கதவு வழியாகக் காற்று வந்தது.

ஐடர் தூவியாக இருந்தால் அவள் கையிலேயே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இருந்திருக்கும். இது இருக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரிந்து எழுந்தது. கையிலிருந்தது போனதும் மூட்டையிலிருந்தது தானாகவே கிளம்பியது. விளக்கைச் சுற்றியது, கேக்கில் இறங்கியது, காபியில் மிதந்தது, புருவங்களில் உட்கார்ந்தது. வெளியே நின்ற நாயொன்று உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, ஜூன் மாதத்தில் பனிப்புயல் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

யாரும் பெயர் சொல்லத் தேவையில்லை. அந்த மண்டபத்தில் இருந்த பச்சைக்குழந்தைக்கும் தெரியும், பறக்கிறது என்ன என்று.

"கூஸ் வாத்து" என்றாள் ஒட்னி கடைசியில். மூக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "தலையணைல அடைக்கற மலிவான கூஸ் வாத்துத் தூவி. பாதிக்கு மேலயே கலந்திருக்கு. ஸ்வெய்ன்... என்னுது எங்க?"

ஸ்வெய்னின் தாடியில் வெள்ளைமேல் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவர் தட்டிவிடவில்லை.

"கப்பல்ல போயிடுச்சு" என்றார்.

"கப்பல்லயா?"

"குளிர்காலத்துல வேற ஊர்க்காரன் ஒருத்தன் கலப்படம் பண்ணி ஒரு மூட்டை கொண்டுவந்தான். நான் கைவிட்டுப் பாத்து முத்திரை குத்திட்டேன். விரல்ல ஒண்ணும் தெரியறதில்ல, ஒட்னி. ரொம்ப நாளாவே. சூடு தெரியாது, குளிர் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு, யார் கொண்டுவந்தாங்கறதை வெச்சுச் சொல்லிட்டிருந்தேன்." கையை மேசைமேல் வைத்து, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். "வாங்கினவங்க அதைத் திருப்பி அனுப்பிட்டாங்க. வெளிய சொல்லல. பதிலுக்கு ஒரு நல்ல மூட்டை அனுப்பினாப் போதும்னாங்க. இந்த விரிகுடாவுலயே நல்லது உன்னுதுதான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, கெழவா!"

"ஏன்னு கேட்டிருப்பே."

ஒட்னி மூட்டையின் கிழிந்த வாயைக் கையால் கூட்டிப் பிடித்தாள்.

"திரும்பி வந்த மூட்டையை எங்கயாவது தள்ளணும். திருட்டைத் தேடறதும் நிக்கணும். ஈவார் மேல எல்லாருக்கும் ஏற்கெனவே சந்தேகம். நான் கூட்டினது கொஞ்சந்தான்." ஸ்வெய்ன் முதல் தடவையாக ஈவார் பக்கம் திரும்பினார். "அதுக்காகக் கொஞ்சம்னு ஆயிடாது. தெரியும்."

ஈவார் வாயைத் திறந்தான். ஜன்னலோரம் இருந்தவர்கள் பழக்கத்தில் காதைப் பொத்தினார்கள். ஆனால் சத்தம் எதுவும் வரவில்லை. மூடிக்கொண்டான்.

"அந்தக் கப்பல்ல போன மூட்டை," என்றார் ஸ்வெய்ன், "அது நல்ல தூவி. நானே பொறுக்கி, நானே சுத்தம் பண்ணினது. இந்த வருஷம் என் முத்திரை பொய் சொல்லாத மூட்டை அது ஒண்ணாத்தான் இருக்கும்."

பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார். முறைப்படி இன்னும் அவர்தான் தலைவர். கூட்டம் இன்னும் முடியவில்லை. மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். தட்டியது அவருக்குக் காதால்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"ஈவாரை நீக்கற தீர்மானம் தள்ளுபடி. ஸ்வெய்னைச் சங்கத்துலேருந்து நீக்கணும்ங்கறவங்க கையைத் தூக்கலாம்."

முதலில் தூக்கியது அவர்தான். கைக்குட்டை சுற்றிய விரலோடு அந்தக் கை காற்றில் தனியாக நின்றது. கொஞ்சம் பொறுத்து ஒட்னியின் கை எழுந்தது. பிறகு மேசையின் அந்தக் கோடி, இந்தக் கோடி. கேக் செய்த பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தூக்கினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபம் முழுக்கக் கை.

ஒரு கை மட்டும் எழவில்லை.

"ஈவார்," என்றான் கெஸ்தூர் கதவருகிலிருந்து, "உன்னைத்தானே மாட்டிவிட்டாரு? தூக்கேன்."

"கை காலி இல்ல. கேக் இருக்கு" என்றான் ஈவார்.

வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகத்தான் சொன்னான். பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. அவன் தட்டில் ஒன்றுமே இல்லை.